பதினாறு கிண்ணங்களும் ஒரு குக்கரும்

"சேர், லேப் குக்கரை இன்னைக்கே திருப்பிக் குடுங்க."

அதிபரிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று, உயிரியல் படிப்பிக்க நான் வந்த முதல் நாளே இசபெல் டீச்சர் சொல்லியிருந்தார். முன்பு கேட்டவரை மாற்றிவிட்டார்களாம், இப்போது உடப்புசல்லாவையில் படிப்பிக்கிறாராம்.

அதிபர் யேசுரட்ணம் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். "நாளைக்கு வலயக் கல்விக் கந்தோர்ல இருந்து பாக்க வர்றாங்க. அவங்க சாப்பாட்டுக்குப் பருப்பு அதுலதான் வேகணும். உங்களுக்கு எதுக்கு?"

சொன்னேன். உயர்தரப் பிள்ளைகள் விரலால் தொட்டும், தோட்டத்து லயத்து ஆட்கள் குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணியைத் தடவியும் பதினாறு கிண்ணங்களில் பற்றீரியா வளர்த்திருக்கிறார்கள். இந்தக் குளிருக்கு ஐந்து நாள் எடுத்தது. மூடிக்கு டேப் ஒட்டியிருக்கிறோம், ஒருவரும் திறக்கவில்லை. புள்ளிகளை எண்ணி, படமும் வரைந்தாயிற்று. இனி குக்கர் ஆவியில் கால் மணி நேரம் வைத்துக் கொன்ற பிறகுதான் வீசலாம்.

"நாளைக்கு அதெல்லாம் லேபுல இருக்கக்கூடாது. பின்னால தண்ணி ஓடுற கானுல கொட்டிடுங்க."

"அந்தக் கான் கீழ் லயத்துப் பீலிக்குத்தான் போகுது."

"பீலியில இருந்து வந்தது பீலிக்கே போகட்டுமே, டீச்சர்." அவரே சிரித்துக்கொண்டார்.

"அங்க இருந்தது கொஞ்சம் சேர். நாங்க சாப்பாடு போட்டுக் கோடிக்கணக்கா வளத்து வச்சிருக்கோம். என்ன கிருமின்னுகூடத் தெரியாது."

"லயத்துல பொறந்து கெம்பஸ் போய்ட்டு வந்தா வாய் நீளுது, என்ன?"

"லயத்துல பொறந்ததுனாலதான் கான் எங்க போகுதுன்னு தெரியுது."

"உங்கள நிரந்தரமாக்குற கடிதத்துல நான்தான் கையெழுத்து வைக்கணும்."

"தெரியும் சேர். இன்னொண்ணு. போன தவணையும் அந்தக் குக்கர்லதான் கிருமிய அவிச்சோம். சமைக்க எடுக்கக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருந்தோம்."

கோப்பை மேசைக்கு இறங்கியது. "அத சமையலுக்கு நிக்கிற நாகலெட்சுமி தேச்சுக் கழுவிட்டா." கோப்பையைத் தட்டால் மூடினார். "முந்தியே சொல்றதுக்கென்ன?"

"குக்கர் பேச்சே எடுக்கக்கூடாதுன்னாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாளைக்கு ஒரு நாள் அதுலயே வேகட்டும். இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள கிண்ணத்த நீங்க கொட்டலன்னா, நான் ஆள் வச்சுக் கொட்டுவேன்."

எழும்பி வெளியே வந்தேன். லேப் வலது பக்கம், சமையலறை இடது பக்கம். பருப்புக்கு வேறு சட்டி பார்க்கும்படி நாகலெட்சுமி அக்காவிடம் சொல்லி, குக்கரை வாங்க வேண்டும். இடது பக்கம் நடந்தேன்.