ஹாஜறா வீட்டுக் குரவை

என் தம்பி ஜெஸீமுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது என்று எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்குள் கதை பரவிய அன்று, மாப்பிள்ளை எங்கள் மேல்மாடி அறையில் சாரன் கட்டிக்கொண்டு உட்கார்ந்து லெப்டொப்பைத் திட்டிக்கொண்டிருந்தான். பெண் யார் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஜெஸீம் றப் பாடுகிறவன். மேடையில் அவன், எங்கள் பகுதியின் பழைய பெயரைச் சேர்த்து, கரவாகு ஜெஸி. முனாஸ் என்கிற கூட்டாளியின் கைபேசிக் கடைக்கு மேலே இருந்த அறைதான் அவனுடைய முதல் பாட்டுக் கம்பனி. கீழே யாராவது கண்ணாடி மாற்ற வந்து பேரம் பேசினால் அதுவும் பதிவாகிற பாட்டில் விழும். இந்த வருடம் கொழும்பிலிருந்து 'ஏழாம் மாடி' என்று ஒரு பாட்டுக் கம்பனி அவனைக் கேட்டது. முனாஸ் தடுக்கவில்லை. அழுதுகொண்டே பிரியாணி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான். அவனைப் போல ஒருத்தனை நான் கண்டதில்லை. ஏழாம் மாடி இருப்பது இரண்டாம் மாடியில். ஏன் என்று கேட்டேன். அது கலையாம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டு அவன் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முகமெல்லாம் பல். உம்மா அந்தத் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. சோறு தின்றாயா என்று கேட்டார், தட்டை எடுத்து வைத்தார், மீன் பொரித்ததில் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டார். அவ்வளவுதான். தம்பியின் பாட்டை உம்மா ஏசினதும் இல்லை, புகழ்ந்ததும் இல்லை. வீட்டில் அப்படி ஒரு காரியம் நடப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். வாப்பாவிடம் கேட்டால் உம்மாவைக் கேள் என்பார். நாற்பது வருடக் குடித்தனத்தில் அவர் கற்ற கல்வி அது.

தம்பி அன்று வயிறு நிறையத் தின்றுவிட்டு மேலே போனவன்தான். அடுத்த வாரம் பத்துப் பாட்டில் கடைசிப் பாட்டை எழுதி முடித்து எனக்குப் பாடிக் காட்டினான்.

'கையெழுத்து வெச்சன், கடலுக்கும் கேட்டிச்சு,
கல்முன பஸ்ஸில காத்துத்தான் கை தட்டிச்சு.
வாசலுக்கு வந்தன், உம்மா சோறு போட்டா,
வயிறு நிறஞ்சிச்சி, குரவ ஆரு போட்டா?'

அந்த இடத்தில் தாளம் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஓடும். அதற்குள் குரவை வர வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணமோ சுன்னத்தோ, எந்த நல்ல காரியமும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டால்தான் நடந்ததாகக் கணக்கு. அந்தப் பாட்டைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

கம்பனியில் பாட்டுகளைச் சேர்த்துத் தருகிறவர் புண்ணியமூர்த்தி. நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அவர் இணையத்தில் ஒரு குரவையை எடுத்து அந்த இடத்தில் வைத்து அனுப்பியிருந்தார். அது எங்கேயோ அரபு நாட்டுப் பெண்கள் போட்டது. எங்கள் குரவை கீழே தொடங்கி ஏறி ஏறிப் போகும். அது எடுத்த எடுப்பிலேயே உச்சியில் நின்றது. இது யாருடைய கலியாணம் என்று தம்பி கேட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் ஊர்க் குரவையை அனுப்பு, இல்லாவிட்டால் இதுதான் வெளியில் போகும் என்று புண்ணியமூர்த்தி சொல்லிவிட்டார்.

வெண்ணெய் கையில் இருக்க நெய்க்கு அலைவானேன். சாய்ந்தமருதில் குரவை என்றால் ஹாஜறா, அதாவது எங்கள் உம்மா. அவர் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பெண்கள் சேருவார்கள். அவருடைய குரவையைக் கேட்டே எந்த வீட்டில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டான் என்று அடுத்த தெருவில் சொல்லுவார்கள். தம்பி போய்க் கெஞ்சினான். மைக்கைக் கீழே கொண்டு வருகிறேன், ஒரே ஒரு தடவை போதும் என்றான். உம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன நல்ல காரியம் நடந்திரிக்கி?"

பாட்டுக்குத்தான் என்று தம்பி இழுத்தான்.

"காரணமில்லாமக் குரவ போட்டா அது பொய் சொல்ற மாதிரி, மகனே. நான் இண்டைக்கி வரைக்கும் பொய்க் குரவ போட்டதில்ல. ஒருக்காப் போட்டா மறுகா ஊர் நம்பாது."

அவன் படியேறினான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தம்பி பத்துப் பாட்டு எழுதியிருக்கிறான், கொழும்புக்காரன் தேடி வந்து கூட்டிக்கொண்டு போகிறான், இது நல்ல காரியம் இல்லையாம். உம்மாவின் முகத்தில் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

வியாழக்கிழமை உம்மா கல்முனைச் சந்தைக்குப் போயிருந்தார். தம்பி ஒரு வேலை செய்தான். என் கலியாண வீடியோவைத் தேடி எடுத்து, என் மாப்பிள்ளை பாயிஸ் இந்த வீட்டு வாசலுக்கு வருகிற இடத்தில் உம்மா போட்ட குரவையை வெட்டினான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது. அதனால் பாயிஸின் பயந்த முகமும் உம்மாவின் முழுக் குரவையும் அந்த வீடியோவில் ஒன்றாக இருக்கும். வெட்டிய துண்டு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, பெரிய ஸ்பீக்கரில் போட்டான். புழுக்கம் தாங்காமல் யன்னலைத் திறந்தும் வைத்திருந்தான். பின்னேர அசர் தொழுகை முடிந்து தெரு அமைதியாக இருந்த நேரம் அது.

குசினியில் நின்ற நானே ஏமாந்துவிட்டேன். உம்மா எப்போது வந்தார், என்ன நடந்தது என்று கரண்டியோடு முற்றத்துக்கு ஓடினேன். மேலே தம்பி திரும்பத் திரும்ப அதையே போட்டுக்கொண்டிருந்தான், அதன் நடுவில் யாரோ ஒரு ஆள் 'சோத்த இறக்கு' என்று கத்துகிறானாம். அதனால் அந்தக் குரவை பாட்டுக்கு உதவாது. ஊருக்கு நன்றாகவே உதவிவிட்டது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு நாச்சியா மாமி. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். என்னைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல் மறைத்துவிட்டீர்களே என்று செல்லமாகக் கிள்ளினார். நான் என்னவென்று கேட்பதற்குள் வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன. ஒருத்தி தட்டு நிறையத் தொதல் இனிப்பு கொண்டு வந்தாள், ஒருத்தி சீனி கொண்டு வந்தாள். ஹாஜறா தன் வீட்டில் குரவை போட்டால் அது மகனுக்குப் பெண் முற்றானதாகத்தானே இருக்க வேண்டும். மூலைவீட்டுக்குக் கதை போனபோது பெண் பாலமுனைக்காரி. பள்ளிவாசல் தெருவைத் தாண்டும்போது அவள் பள்ளிக்கூட ரீச்சர். அவள் நல்ல வெள்ளை என்று சொன்னவள் யார் என்று நான் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கூட்டத்துக்குள்தான் உம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் மீன் பை. நாச்சியா மாமி ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"குரவயும் போட்டுட்டு எங்ககா போன நீ? பொண் ஆரு?"

உம்மா என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன். தம்பி படியில் பாதி இறங்கி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு ஒளிக்கத் தெரியாது. கலியாணமும் இல்லை, ஒன்றும் இல்லை, பாட்டுக்காக உம்மாவின் பழைய குரவையை ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்.

பெண்களின் முகம் வாடியது. தொதல் தட்டு கொஞ்சம் பின்வாங்கியது. அப்படியென்றால் ஒன்றுமில்லையா, பொய்க் குரவையா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டாள். உம்மாவின் கழுத்து நரம்பு புடைத்ததைக் கண்டேன். தம்பிக்கு இன்று அடிதான், பாட்டும் போச்சு, ஸ்பீக்கரும் போச்சு என்று நினைத்தேன். சத்தியமாகப் பயந்துவிட்டேன்.

"ஆரு சொன்ன ஒண்டுமில்ல எண்டு?" என்றார் உம்மா. "என்ட மகனக் கொழும்புக் கம்பனி கேட்டு எடுத்திரிக்கி. பத்துப் பாட்டு. மகனே, அந்தக் கடைசிப் பாட்டப் பாடு. இவளுகள் கேக்கட்டும்."

தம்பிக்கும் எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. பத்துப் பாட்டு என்பதும் கடைசிப் பாட்டு ஒன்று இருப்பதும் உம்மாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் என்ன. மேலே பாடினால் கீழே குசினியில் கேட்கத்தானே செய்யும். கேட்டும் கேளாதவர் மாதிரி இருந்திருக்கிறார், கள்ளி.

தம்பி படியிலேயே நின்று பாடினான். தாளத்துக்கு நாச்சியா மாமியின் காலடியில் கிடந்த வாளியை நான் தட்டினேன். கையெழுத்து, கடல், பஸ், காற்று. பெண்கள் சிரித்தார்கள், தலையாட்டினார்கள். 'உம்மா சோறு போட்டா' என்று வந்ததும் எல்லாரும் உம்மாவைப் பார்த்தார்கள். 'குரவ ஆரு போட்டா' என்று தம்பி நிறுத்தினான். நான் வாளியைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

உம்மா மீன் பையைக் கையில் பிடித்தபடியே குரவை எடுத்தார். கீழே தொடங்கி ஏறி ஏறிப் போனது. நாச்சியா மாமி சேர்ந்தார், பிறகு வாசலும் முற்றமும் சேர்ந்தன, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ சேர்ந்தாள். ஊருக்கு முன்னால் தன் பெயரைக் காப்பாற்றத்தான் உம்மா தொடங்கினார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் தம்பியைப் பார்த்துக்கொண்டே போட்டார், கன்னமெல்லாம் நனைந்திருந்தது, மூச்சு முடிந்தும் விடாமல் இன்னொரு தடவை எடுத்தார். என் கலியாணத்துக்குக்கூட அவர் அவ்வளவு நீளமாகப் போடவில்லை. எனக்கு அதில் ஒரு துளி பொறாமையும் வரவில்லை. வாளியைத் தட்டித் தட்டி என் கை சிவந்து போயிருந்தது, அவ்வளவு சந்தோசம்.

தம்பி படியில் உட்கார்ந்து, முகத்தைச் சாரனால் மூடிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். பெண்கள் தொதலைப் பங்கு போடத் தொடங்கினார்கள். உம்மா மீனை என்னிடம் தந்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"ரெக்கோட் பண்ணினியா?"

"இல்ல உம்மா. மைக் மேல கிடக்கு."

உம்மா செருப்பைக் கழற்றினார். ஒரு கையால் அவனைத் தூக்கி நிறுத்தி, தொதல் தின்றுகொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்ககா எல்லாரும் மேல. இது பொய்க் குரவ இல்ல, எத்தின தரமும் போடலாம்."