ஸ்ரீரங்கன் செய்யாத பயிற்சி

இடுப்பு வலிக்காக கேம்ப் ரோடு பிசியோதெரபி கிளினிக்கில் ஸ்ரீரங்கனுக்குக் கொடுத்த தாள், மூன்று வாரமாக ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தின் பிடியில் நிம்மதியாக இருந்தது. மல்லாந்து படுக்க வேண்டும். பாதத்தில் துண்டைக் கொடுத்துக் காலை மெல்ல மேலே இழுக்க வேண்டும். முப்பது எண்ண வேண்டும். ஸ்ரீரங்கன் ஃப்ரிட்ஜைத் திறப்பது வரைக்கும் செய்திருந்தார்.

செய்யாததைப் பற்றிப் பேசுவதில் மட்டும் அவர் குறை வைக்கவில்லை. தெருவில் மீன் விற்கும் குப்பம்மா, ஒருநாள் அவர் வீட்டு கேட்டருகே கூடையை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காபி டம்ளரோடு வந்தவர் வகுப்பே எடுத்துவிட்டார்.

"எல்லாம் பின்தொடை இறுக்கம்தாம்மா. நின்னபடியே குனிஞ்சு கால் கட்டைவிரலைத் தொடணும். எட்டலேன்னா நல்லா எக்கித் தொடணும். நான் டெய்லி பண்றேன்."

"அதான் சார் தெம்பா கீறீங்க" என்றாள் குப்பம்மா.

வலி இருக்கும்போது நின்றுகொண்டு குனியக் கூடாது என்று தாளின் அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. காந்தம் இருந்தது அந்த இடத்தில்தான்.

அதன்பின் சில நாளில் தெருவில் மீன் குரல் நின்றுபோனது. அவர் வீட்டில் மீன் வாங்குவதில்லை, கவனிக்கவும் இல்லை.

சனிக்கிழமை கிளினிக்குக்குப் போனார். பிசியோதெரபிஸ்ட் நிஷா அவரைப் படுக்க வைத்தாள்.

"டெய்லி பண்றீங்களா சார்?"

"ரெண்டு வேளையும்மா."

"வெரி குட். ரெண்டு நிமிஷம், வந்துடறேன்." திரையை விலக்கி அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"சொல்லுங்கக்கா, எப்படிப் புடிச்சுக்கிச்சு?"

"குனிஞ்சு குனிஞ்சு கால தொட்டேன்மா. காலைல இருபது தபா, சாய்ந்திரம் இருபது தபா. பத்தாம் நாளு குனிஞ்சவ நிமிரவே முடியல. எம்பொண்ணுதான் ஆட்டோல போட்டு இட்டுக்கினு வந்தா."

ஸ்ரீரங்கனுக்குக் குரல் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டார்.

"வலியோட எக்கிக் குனியச் சொன்னது யாருக்கா?"

"தெரிஞ்சவருதான். அவரு டெய்லி செய்றாராம், அவருக்கு ஒண்ணும் ஆவல. எனக்குதான் பேஜார் புடிச்ச ஒடம்பு. நல்ல மனுசன், அவர இன்னாத்துக்கு சொல்லணும்?"

செருப்பு அவர் கட்டிலுக்குக் கீழேயே இருந்தது. வாசல் ஆறடி. சத்தமில்லாமல் எழுந்து போயிருக்கலாம். ஒரு காலைத் தொங்கவும் போட்டுவிட்டார். அந்த 'நல்ல மனுசன்'தான் நகர விடவில்லை.

"நான்தாம்மா" என்றார் திரையைப் பார்த்து. காபி டம்ளரோடு வந்த குரல் இல்லை அது.

நிஷா திரையை விலக்கினாள்.

"நான்தான் சொன்னேன். நான் ஒரு நாள்கூடப் பண்ணினதில்ல."

நிஷா அவரை மறுபடி படுக்க வைத்து, துண்டை எடுத்துப் பாதத்தில் மாட்டினாள். "இழுங்க சார்."

கால் ஒரு சாண் எழுந்து, அங்கேயே நின்று நடுங்கியது.

குப்பம்மாவால் தலையை மட்டும்தான் திருப்ப முடிந்தது. திருப்பினாள். அந்தக் காலை வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்ளோதானா சார்?"

திட்டியிருந்தால் காலைக் கீழே போட்டிருக்கலாம். ஸ்ரீரங்கன் எண்ணத் தொடங்கினார். ஏழு வரை வந்தது. எட்டு வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.