சிங்க் ஆகிறது

ஆய்வகக் கணினியில் என் படங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. நான் எதையும் தொடவில்லை. இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன.

எல்லாம் இலைப்புள்ளி நோயின் படங்கள். செடிகளைப் பிடுங்கி எரித்தாகிவிட்டது. மறுபடி எடுக்க வழியில்லை. இவை போனால் ஆய்வேடும் போச்சு.

திரையின் மூலையில் ‘சிங்க் ஆகிறது’ என்று ஒரு வட்டம் சுற்றியது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே கிளவுட் கணக்கு. அண்ணனின் சிக்கனம். அவன் விமானத்தில் இருக்கிறான். அப்படியென்றால் அம்மா.

அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அதற்குள் இன்னொரு வரிசை மறைந்தது. மேசைக்கடியில் குனிந்து நெட் கேபிளைப் பிடுங்கினேன். வட்டம் நின்றது. மறுபடி அழைத்தேன்.

“அம்மா, போன்ல என்ன பண்றே?”

“இடமே இல்லன்னு காலையிலேர்ந்து கத்துதுடி. வேண்டாததை எல்லாம் பழசுலேர்ந்து அழிச்சிட்டிருக்கேன்.”

“எதை?”

“புள்ளி விழுந்த இலையை. யாருடி அதைப் போய்ப் படம் எடுத்து வெப்பா? நல்ல இலையைத் தொடலை.”

“கையை எடும்மா! எல்லாம் சிங்க் ஆகுது.”

“சிங்க்கா? மறுபடி அடைச்சிக்கிச்சா?”

“பாத்திரம் கழுவுற சிங்க் இல்லம்மா. நீ அங்க அழிச்சா இங்கயும் அழியும்.”

“என் போன்லதானே அழிச்சேன்?”

“சரி, குப்பைத்தொட்டி மாதிரி ஒரு படம் இருக்கும் பாரு. அதைத் திற.”

“அதையும் காலி பண்ணிட்டேனே. குப்பையைச் சேத்து வெக்கிறவளா நான்?”

மிச்சம் இருப்பது இந்தக் கணினிக்குள் மட்டும்தான். பென் டிரைவைத் தலைகீழாகச் செருகினேன். திருப்பிச் செருகினேன். பச்சைப் பட்டை மெல்ல நகர ஆரம்பித்தது.

பக்கத்து மேசை சீனியர் எட்டிப் பார்த்தார். “கேபிள் கழண்டிருக்கு போல,” என்று குனிந்தார்.

“தொடாதீங்கக்கா!”

ஆய்வகமே திரும்பியது. இங்கே சேர்ந்த நாளிலிருந்து நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

“நான் இப்ப என்னடி பண்ணணும்?” என்றாள் அம்மா.

“ஒண்ணும் பண்ணாதே. பேசிட்டே இரு.”

“என்னத்தைப் பேச?”

“யாரையாவது திட்டு.”

“உன்னையா, உங்கண்ணனையா?”

அண்ணனிலிருந்து தொடங்கினாள். பட்டை நிறைந்தது. பென் டிரைவைத் திறந்து பார்த்தேன். முற்றிய புள்ளிகள் எல்லாம் இருந்தன. புள்ளி விழத் தொடங்கிய வாரத்தின் படம் ஒன்றுகூட இல்லை.

‘நோயின் தொடக்கம்’ என்பதுதான் என் ஆய்வின் தலைப்பு. நாளைக்கு வழிகாட்டியிடம் வேறு தலைப்பு சொல்ல வேண்டும்.