புளி போட்டுத் தேய்த்த காசு

அன்றைக்கு உள்ளங்கையில் பளபளவென்று அந்த அம்மன், கோட்டைச் சுவரையே கிரீடமாக வைத்தவள், மூக்கு தேய்ந்துபோய்ச் சிவசைலத்தைப் பார்க்கிறாள், ரோமாபுரி ஆண்ட காலத்தில் ஏதோ ஒரு கிரேக்கப் பட்டணம் அடித்த வெண்கலக் காசு, முன்பக்கத்தை ஆளுகிறவன் முகத்துக்குக் கொடுத்துவிட்டுத் தங்கள் காவல் தெய்வத்தைப் பின்பக்கம் ஒதுக்கிய ஊர், பழங்காசு சேர்க்கிற டாக்டர் ஆசீர் பார்த்துவிட்டுத் தாருங்கள் என்று நம்பிக் கொடுத்தது, கொடுத்தபோது இப்படி மின்னவில்லை, பாசி படர்ந்த படித்துறை மாதிரிப் பச்சையாக இருந்தது, அந்தப் பச்சைதான் அதன் வயசு, அதன் மதிப்பு, அதை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று இவருக்குத் தோன்றவே இல்லை, ஆவுடையம்மாள் எடுத்துப் பார்த்தாள், அம்மன்லா இருக்கு, இம்புட்டுக் களிம்போடயா வச்சிருக்கது, விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமமும் வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே ஆசீர் வந்தார், இந்த வீட்டுக்கு முதல் தடவை, காசைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது, யார் சார் இப்படிப் பண்ணினது, இவர் வாய் முந்திக்கொண்டது, வேலைக்காரி சார், படிக்காதவ, வீட்டில் வேலைக்காரியே கிடையாது, சொல்லி முடிக்குமுன் ஆவுடை காப்பியோடு வந்து நிற்கிறாள், பழைய சேலை, கையில் புளிவாடை, ஏம்மா, பாத்துச் செய்யக்கூடாதா என்கிறார் ஆசீர், அவள் இவரை ஒரு பார்வை பார்த்தாள், தப்புத்தான் ஐயா, தம்ளரை வைத்துவிட்டுப் போனாள், அப்போதாவது இவ என் வீட்டுக்காரி சார் என்றிருக்கலாம், அவள் போட்ட காப்பியைக் குடித்தார், சீ, அதையும் குடித்தார், ஆசீர் இனி இது எனக்கெதற்கு என்று காசை விட்டுப் போய்விட்டார், அதற்கப்புறம் ஆவுடை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, மத்தியானத் தூக்கத்தில்தான் அந்த அம்மன் வருகிறாள், தலையில் கோட்டை, கையில் தம்ளர், தப்புத்தான் ஐயா என்கிறாள், இவர் வெட்கத்தில் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார்.

இன்று ஆசீர் போன் செய்தார், வருஷக்கணக்காச்சு சார், வந்து பார்க்கிறேன், இவர் காசை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றார், ஆவுடை, டாக்டர் வாராராம், சொல்ல வந்தது அதுவல்ல, குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை, சரி, அப்ப நான் நல்ல சேலை கட்டிக்கிட வேண்டாம்லா என்றாள், குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், இவர் உள்ளங்கையை விரித்தார், பளபளப்பெல்லாம் எப்போதோ போய்க் காசு கறுத்துக் கிடந்தது, கண்ணுக்கு அம்மன் தெரியவில்லை, விரலால் தடவித்தான் அவளைத் தேட வேண்டியிருந்தது.