உமிகமேயின் ஈரம்

அண்ணன் படகேறிய நாளிலிருந்து உமிகமேயின் உடைகள் காயவில்லை. தீவு நாட்டின் தலைநகரான சுரியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலில் போகிறவனுக்கு உடன்பிறந்தவள்தான் காவல் தெய்வம். அவள் நனையாமல் வேறு யார் நனைவார்கள்? அண்ணன் இனாபுகு, ‘பேச்சின்’ பட்டம் பெற்றவர்; அரண்மனையிலிருந்து சீனத்துக்குப் போகும் கடிதங்களை எழுதிய பெரிய அதிகாரி. ஜப்பானியர்கள் அரசரைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனதும், சீனப் பேரரசரின் காலில் விழுந்தாவது நாட்டை மீட்பேன் என்று மீன்படகில் ஒளிந்து கிளம்பினார். பத்து நாள் பயணம். அவர் கரையேறியதும் தங்கையின் உடை காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை உயிர் இருக்கிறது என்று மனைவி மகாது முடிவுகட்டினாள். கடலடியில் கிடப்பவனும் நனைந்துதான் கிடப்பான் என்பதை அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சம்பளம் நின்றது. வாசல் தாண்டாத மகாது சந்தையில் தோஃபு விற்க உட்கார்ந்தாள். சோயாப் பாலைத் திரிக்கக் கடல்நீர் வேண்டும். நாத்தனாரின் உடையைப் பிழிந்தாலே போதுமானதாக இருந்தது.

“நாங்க தண்ணிக்குத் துறைமுகம் வரைக்கும் நடக்கணும். ஒங்களுக்கென்னம்மா, கடலே வீட்டுல குந்தியிருக்கு!” என்று பக்கத்துக் கடைக்காரி சீண்டுவாள். மகாதுவும் சிரித்துவைப்பாள். இல்லாவிட்டால் அழ வேண்டியிருக்கும்.

உமிகமே இருமிக்கொண்டே இருந்தாள். “அண்ணி, ஒரே ஒரு நாள் காய்ஞ்ச துணி கட்டிக்கிட்டுப் படுக்கணும்போல இருக்கு.”

“வாய மூடுடி. நீ காய்ஞ்சிட்டா அவருக்கு என்ன ஆச்சுன்னு நான் நெனைக்கிறது?”

“பத்து நாள் பயணம் அண்ணி. ஒம்பது வருஷமாச்சு.”

மகாது அவளை அறைந்தாள். பிறகு அந்தக் கன்னத்தையே பிடித்துக்கொண்டு கதறினாள்.

அந்தக் குளிர்காலத்தில் உமிகமே ஈரமாகவே செத்துப்போனாள். பெட்டியில் கிடத்திக் குடும்பக் கல்லறையில் வைத்தார்கள். மூன்றாம் வருடம், வழக்கப்படி எலும்பைக் கழுவித் தாழியில் மாற்றப் பெண்கள் கூடியபோது மகாது ஒரு மூலையில் மரம்போல நின்றாள். கணவருக்குக் கழுவ எலும்பு ஏது? எலும்பு வந்து சேராதவர் முன்னோரோடு சேர முடியாது. பெட்டியைத் திறந்ததும் கடல்நீர் முழங்கால் அளவுக்குக் கொட்டியது. உள்ளே இரண்டு மண்டையோடுகள். ஒன்றின் பக்கத்தில் பேச்சின்கள் கொண்டையில் செருகும் வெள்ளி ஊசி கிடந்தது. யாரும் அலறவில்லை. “ரெண்டு பேரக் கழுவச் சாராயம் பத்தாதே” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி வாங்கப் போனாள்.

மகாது இருவரையும் கழுவி முடித்தாள். தாழி ஒன்றுதான் இருந்தது. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும்தான் ஒரே தாழி என்று நினைவுபடுத்தினார்கள்.

“கூட்டிட்டு வந்தவ அவ. அவளோடயே இருக்கட்டும்” என்று சொல்லி, அண்ணனையும் தங்கையையும் சேர்த்துவைத்து மூடினாள். தனக்கு ஒரு சின்னத் தாழியைப் பிறகு அவளே வாங்கிக்கொண்டாள்.