ரஜப் அண்ணனின் பதில்

"அஞ்சு மணிக்குள்ள ஒரு வாக்கியமாவது தேறணும், இல்கர். இல்லேன்னா நாளையிலேர்ந்து ஒரு மாசம் லீவு. கோபத்துல சொல்லல," என்றாள் வில்தான்.

இல்கருக்கு முப்பது வயது. மனைவி மெல்தெம் இறந்து ஒன்பது வாரம். துருக்கியின் எஸ்கிஷெகிர் நகரில், இணையத்தில் வரும் ஆங்கில-துருக்கி அகராதி ஒன்றுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எழுதுவது அவன் வேலை. வில்தான் அதன் பதிப்பாசிரியர். லீவு என்றால் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமையை அங்கே கழிப்பதே பெரும்பாடாக இருந்தது. முப்பது ஞாயிறு சேர்ந்தாற்போல் வந்தால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சரி அக்கா," என்றான்.

அன்றைய தொடர் 'லெட் மீ நோ'. துருக்கியில் 'சேதி கொடு' என்பார்கள். அர்த்தம் எழுத அரை நிமிடம் போதும். யார், யாரிடம், எப்போது அப்படிச் சொல்வார்கள் என்று வாக்கியங்கள் காட்ட வேண்டும்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எழுதிய துருக்கி வாக்கியத்தை, டீ கொண்டுவரும் ரஜப் அண்ணனிடம் திடீரென்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாதவர். யோசிக்காமல் பதில் சொன்னால் வாக்கியம் தேறியது. "நல்லா இருக்கு" என்றால் தேறவில்லை. உயிருள்ள பேச்சை யாரும் பாராட்டுவதில்லை.

காலையிலிருந்து இல்கரின் வாக்கியங்களுக்கெல்லாம் ரஜப் அண்ணன் சட்டென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கூட்டம் எத்தனை மணிக்குன்னு சேதி கொடுங்க அண்ணே."

"மூணு மணிக்குத் தம்பி!"

"சரக்கு வந்ததும் சேதி கொடுங்க."

"வந்துடுச்சு தம்பி, இப்பதான் இறக்குனாங்க!"

மூன்றாவதன்போது வில்தான் எழுந்து வந்தாள். "என்ன சரக்கு அண்ணே வந்துச்சு? இந்த ஆபீஸ்ல மூணு மணிக்கு என்ன கூட்டம்?"

ரஜப் அண்ணன் தட்டைப் பார்த்தார். "புள்ள மூஞ்சியைப் பாத்தேன். வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"நீங்க இரக்கப்பட்டா அகராதி என்னண்ணே ஆகும்?" மூன்று வாக்கியங்களையும் கோடு போட்டு அடித்தாள். "இது எல்லாம் நோட்டீஸ்ல வர்றது, இல்கர். இதுக்குள்ள ஆளே இல்ல."

அவள் சொன்னது சரி. சாவுக்கு வந்தவர்கள் ஆறுதலாகச் சொன்ன வார்த்தைகளும், அதற்கு அவன் சொன்ன பதில்களும்கூட அப்படித்தான் இருந்தன. எல்லாம் ஏற்கனவே அச்சடித்து வைத்தவை.

ஐந்தாகக் கால் மணி நேரம். தாள் வெறுமையாக இருந்தது. ரஜப் அண்ணன் காலி கிளாஸ்களை எடுக்க வந்தார்.

"அண்ணே."

"சொல்லு தம்பி."

"மெல்தெமோட ஷூவை யார் எடுத்தாங்கன்னு தெரிஞ்சா எனக்குச் சேதி கொடுங்க."

"என்ன கலர்?" என்றார் ரஜப் அண்ணன். கிளாஸ் அவர் கையிலேயே இருந்தது.

இறந்தவரின் காலணியை வாசலுக்கு வெளியே வைப்பார்கள். வசதியில்லாதவர் யாராவது எடுத்துக்கொள்வார்கள். மாமியார் சொன்னாள், இல்கர் வைத்தான். கல்லறையிலிருந்து திரும்பியபோது வாசல் காலியாக இருந்தது.

"பழுப்பு. முப்பத்தேழாம் நம்பர். மேல பட்டை."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாது தம்பி."

"கேக்கல அண்ணே. இடது ஷூவுல, குதிகால்கிட்ட ஒரு ஆணி தூக்கிட்டு நிக்குது. அவ அட்டையை மடிச்சு உள்ள வெச்சுப்பா. தட்டித் தர்றேன் தர்றேன்னு சொல்லிட்டே இருந்தேன், தட்டல. வெளிய வெக்கும்போது அட்டையை நான்தான் எடுத்துட்டேன். குப்பைன்னு நெனச்சு. இப்ப போட்டுட்டு நடக்கறவங்களுக்குக் குத்தும்."

ஒன்பது வாரத்தில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதில்லை.

"உங்க தெருவுலயா வெச்ச? புதன்கிழமைச் சந்தைக்கு அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் வருவாங்க. எல்லார் காலையும் பாத்துட்டு அடி வாங்கறேன், விடு. ஆள் ஆப்ட்டா சுத்தியல் எடுத்துட்டுப் போவோம். வர்றியா?"

"வர்றேன்."

வில்தான் கைப்பையோடு கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

"தேறிடுச்சு," என்றாள். "இதை நான் அகராதியில போடணும்னு இல்ல. உன் இஷ்டம். நாளைக்கு எட்டரைக்கு வந்துடு."

"பேரை எடுத்துட்டுப் போடலாம் அக்கா."

அவன் எழுதினான். 'ஷூவை யார் எடுத்தார்கள் என்று தெரிந்தால் எனக்குச் சேதி கொடு.' அதற்குக் கீழே ஆங்கிலம் தடையில்லாமல் வந்தது.

ரஜப் அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கலர் எழுதலையே தம்பி? நம்பரும் காணோம். எனக்கு ஒரு துண்டுல தனியா எழுதிக் குடு, புதன்கிழமைக்குள்ள மறந்துடுவேன்."