வால் திரும்பும் வரை

கோடை மதியத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்களுக்கு மூளை கொஞ்சம் உருகியிருக்க வேண்டும் என்று அக்கா நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் தங்கையிடம் சொல்லியும் விட்டாள்.

"உருகினா உருகட்டும். வீட்டுக்குள்ள பூட்டி வச்சு மட்டும் என்னத்தைக் கண்ட? தொப்பியை எடு" என்றாள் தங்கை. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள். வாயைத் திறந்தபடி படுத்திருக்கிறவர்களிடமே நாள் முழுக்கப் பேசிப் பழகியதால், எதிராளிக்கும் ஒரு பதில் இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தாள்.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுபவள். சில நாட்களாக ஓட்டவில்லை. மணிக்கூண்டுத் திருப்பத்தில் அவள் வண்டியை வளைத்தபோது ஒரு சைக்கிள்காரர் நடைபாதைக்கும் பேருந்தின் பின்பக்கத்துக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டார். பிரேக் பிடித்துவிட்டாள். அவர் விழுந்தார், எழுந்தார், அவளுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினார், போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார அவளால் முடியவில்லை. நாளை மறுநாள், திங்கட்கிழமை, டிப்போ மேலாளருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: மறுபடி பேருந்தா, அல்லது டிக்கெட் கவுண்டரில் ஒரு நாற்காலியா? நாற்காலியில் அவள் மனத்தளவில் ஏற்கெனவே முக்கால்வாசி உட்கார்ந்திருந்தாள்.

ஈரத்துண்டைத் தலையில் போட்டு அதன் மேல் தொப்பியை அழுத்திக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். தார் இளகிக் கிடந்தது. டயர்கள் அதில் ஒட்டிப் பிரியும்போது முத்தம் கொடுப்பது போல் ஒரு சின்னச் சத்தம். கடைகளின் ஷட்டர்கள் பாதி இறங்கியிருந்தன. தெருநாய் ஒன்று கம்பத்தின் நிழலுக்குள் தன் உடம்பைக் குறுக்கி, நிழல் நகர நகரத் தானும் நகர்ந்துகொண்டிருந்தது.

"எங்கடீ போறோம்?"

"கால் போற பக்கம்."

அக்காவின் கால் அவள் தினமும் ஓட்டும் வழியிலேயே போயிற்று. கொஞ்ச தூரத்தில் ஓரங்கட்டி நின்றாள். தங்கை மோதப் பார்த்தாள்.

"ஏன் நின்ன?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பேருந்து நிறுத்தம். பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்த பெரியவர், ஏதோ தனக்காக நின்றிருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்தே விட்டார்.

"பின்னாடி கேரியர் காலியா இருக்கு, ஏறிக்குங்கய்யா" என்றாள் தங்கை. பெரியவர் சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார்.

நிறுத்தங்களையாவது சகித்துக்கொள்ளலாம். திருப்பங்கள்தான் மானத்தை வாங்கின. முனை வந்ததும் அக்கா சைக்கிளை எதிர்ப்பக்கமாக ஒதுக்கி, சாலையின் நடுவரை நேராகப் போய், பிறகே பெரிய வட்டமாக வளைத்தாள். தனக்குப் பின்னால் ஒரு நீண்ட உடம்பு வருவதைப் போல.

"அக்கா, அது சைக்கிள்! உனக்கு வால் கிடையாது!" சிரிப்பில் தங்கைக்கு ஹேண்டில் ஆடியது.

"பழக்கம்டீ. வாயை மூடிட்டு வா."

பழைய வங்கிக் கட்டடத்தருகே ஒரு மரத்தடியில் தண்ணீர் குடிக்க நின்றார்கள். அந்த மரத்தை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் பக்கக் கண்ணாடியில் அடிக்கும் கிளையாக, எதிரியாகத் தெரியும். இப்போது அண்ணாந்து பார்த்தாள். உச்சிவரை மஞ்சள் பூக்கள். வெயிலே கிளைகளில் தங்கிவிட்டதோ என்று தோன்றியது. காற்றே இல்லை, ஆனாலும் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஒரு பூ அவள் தொப்பியில் விழுந்தது. இத்தனை காலம் இதன் கீழேயா ஓட்டினேன்?

பாலத்திலும் அப்படித்தான். அவளுக்குப் பாலம் என்றால் குறுகிய சாலை, எதிரே லாரி. இப்போது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தபோது, கீழே ஆறு கண் கூசும்படி அசையாமல் கிடந்தது. அதன் மேல் ஒற்றை வெள்ளைப் பறவை, தன் நிழலை விட மெதுவாகப் பறப்பது போல் பறந்தது. தங்கையும் பக்கத்தில் வந்து சாய்ந்துகொண்டாள்.

பாலம் தாண்டினால் மணிக்கூண்டு. அக்கா இறங்கி சைக்கிளைத் தள்ளினாள்.

"திரும்பிப் போயிரலாமா?" என்றாள் தங்கை, முதல்முறையாக மெல்லிய குரலில்.

"இரு. வண்டி வர்ற சத்தம் கேக்குது."

அவளுடைய வண்டிதான். வெப்பத்தில் நெளியும் சாலையின் கடைசியில் முதலில் ஒரு பளபளப்பாகத் தெரிந்து, பிறகு நீரிலிருந்து எழுவது போல் முழு உருவம் எடுத்து வந்தது. அவள் அதை உள்ளிருந்தே அறிந்தவள்; தெருவோரத்தில் நின்று பார்த்ததே இல்லை. முன்பக்கம் முனையைத் தாண்டி நேராகப் போயிற்று, போயே விடும் போலிருந்தது. பிறகு ஒரு வீடே நினைத்துக்கொண்டு திரும்புவதைப் போல மெல்லத் திரும்பியது. நீண்ட பக்கச்சுவர் அவர்களைக் கடந்து நகர்ந்தது. ஜன்னல் ஜன்னலாக மனிதர்கள், பாதிப் பேர் தூக்கத்தில். கண்ணாடியில் கன்னம் நசுங்க ஒருத்தி. வாயைப் பிளந்தபடி ஒருவர். தாயின் தோளில் எச்சில் வழியும் ஒரு குழந்தை. கடைசியாக வால், நடைபாதையின் விளிம்பைத் தொடாமல், ஒரு சாண் இடைவெளியில் வளைந்து உள்ளே வந்து சேர்ந்தது. ஒருவரும் கண்விழிக்கவில்லை.

அக்கா அந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதையா நான் செஞ்சிட்டிருந்தேன்?"

"தினமும்" என்றாள் தங்கை.

முனை தாண்டி இருந்த நிறுத்தத்தில் பேருந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையின் ஜன்னலில் ஒரு நீண்ட கழுத்து எட்டிப் பார்த்தது. டிப்போவில் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர்.

"என்னம்மா, வண்டி சின்னதாயிருச்சு?" என்று கத்தினான். "கவுண்டருக்குப் போறியாமே! ஏசி ரூம், ராஜ வாழ்க்கை!"

அக்கா சைக்கிளைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். உலோகத்தின் சூடு முகத்தில் அடித்தது. கையை அதன் மேல் வைத்தாள், சுட்டது, எடுத்தாள்.

"உன் கால் நீளத்துக்கு சீட்டைப் பின்னால தள்ளி வச்சிருப்ப" என்றாள். "நாளைக்கு வண்டியை விடும்போது முன்னால இழுத்து வச்சிட்டுப் போ. திங்கட்கிழமை காலையில உன் சீட்டோட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல."

ஒட்டகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்து ஹாரன் அடித்தான். உள்ளே தூங்கியவர்களில் ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டார்.

பேருந்து போனபின் இருவரும் சைக்கிளில் ஏறினார்கள். அடுத்த முனையில் அக்கா வழக்கம்போல் நடுச்சாலை வரை போய் அகலமாக வளைத்தாள். இந்தத் தடவை தங்கையும் சிரிக்காமல் அதே வட்டத்தில் பின்னாலேயே வந்தாள்.

"வால் வந்துருச்சாடீ?" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமல்.

"வந்துருச்சு" என்றாள் தங்கை. "யார் மேலயும் இடிக்கல. போ."